எல்லா அனுமதியும்

எம்.சி.ஏ. முடித்து இரண்டு வருடம் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். அழைத்துப் போய் அழைத்து வர வீட்டில் வேறு ஆள் இல்லை. நைனா கொத்து வேலைக்குப் போகாத நாளில் அடுப்பு எரியாது. அதனால் நான் திரும்பி வந்தேன். அப்போது செஞ்சியில் எனக்குக் கிடைத்தது ஒரு கல்யாணத் தகவல் மையத்தில் வேலை.

திருவண்ணாமலை போகும் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் அந்த மையம் இருந்தது. படியேறும்போதே உர வாடை மூக்கில் ஏறும். வரன் தேடி வருகிறவர்கள் மஞ்சள் பையில் ஜாதகத்தை வைத்துக்கொண்டு தும்மியபடி மேலே வருவார்கள். முதலாளி அதற்கு முன்பு இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவர். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் எந்த வீட்டில் கல்யாண வயதில் ஆள் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். அதை ஒரு வெப்சைட்டாக மாற்றினால் ஊர் ஊராகப் போகாமல் உட்கார்ந்த இடத்தில் தொழில் நடக்கும் என்று யாரோ சொல்ல, பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியிடம் கொடுத்துச் செய்து வாங்கியிருந்தார். முகப்பில் கோட்டைப் படம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ராஜகிரிக் கோட்டைக்கு முன்னால் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி நிற்கும். அந்த இரண்டு முகத்தில் ஒன்றுகூட எங்கள் பக்கத்து முகம் இல்லை.

நான் சேர்ந்த அன்று முதலாளி ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். அதன் பின்பக்கத்தில் ஒரு யூசர் நேமும் பாஸ்வேர்டும் பேனாவால் எழுதியிருந்தன.

"இதுக்குள்ள இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாதும்மா. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குதுன்றாங்க. இனிமே நீ பாத்துக்கோ."

அது கண்ட்ரோல் பேனலின் சாவி. வெப்சைட் என்று ஜனங்கள் பார்ப்பது முன்பக்கம் மட்டும்தான். பெயர், வயது, நட்சத்திரம், சாதி, சம்பளம், தோஷம், போன் நம்பர் எல்லாம் வரிசை வரிசையாக இருப்பது பின்னால், டேட்டாபேஸில். இணையத்தில் இடம் வாடகைக்கு விட்டிருக்கும் கம்பெனியின் கண்ட்ரோல் பேனல் வழியாகத்தான் அங்கே போக முடியும். யார் உள்ளே வரலாம், வந்தவர் வெறுமனே பார்க்கலாமா, திருத்தலாமா, அழிக்கலாமா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். சென்னையில் நான் பார்த்த வேலை வேறு. இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் வாரத்திலேயே, பாஸ்வேர்டு சுலபமாக இருக்கிறதே என்று டேட்டாபேஸ் யூசரின் பாஸ்வேர்டை மாற்றினேன். வெப்சைட்டின் ஃபைலுக்குள்ளும் அதே பாஸ்வேர்டு எழுதியிருக்கும், அங்கேயும் மாற்ற வேண்டும் என்று தெரியாது. அரை நாள் சைட் வெள்ளையாக நின்றது. போன் மேல் போன். சாயந்திரம் நானே காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தபோது முதலாளி கீழே போய் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். எங்கள் காலனியில் என் வயதுப் பெண்கள் யாருக்கும் வாய்க்காத ஒன்று எனக்கு வாய்த்துவிட்டது போல அன்று வீட்டுக்கு நடந்தேன். சுற்றுப்பட்டு ஊர்களின் பெரிய வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் என் கைக்குள் இருக்கிறார்கள் என்ற நினைப்பு அது. நல்ல நினைப்பு இல்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"உங்க ஆளுங்க ஜாதகம்லாம் தனியா ஒரு எடத்துல போட்டுரும்மா. தேடும்போது கலந்து வந்தா பார்ட்டிங்க சங்கடப்படறாங்க."

'உங்க ஆளுங்க' என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கேலண்டரைப் பார்த்தார். நான் சரி சார் என்றேன். கண்ட்ரோல் பேனலைத் திறந்து இரண்டாவது டேட்டாபேஸ் ஒன்றைப் புதிதாக உண்டாக்கி, எங்கள் சாதிக்காரர்களின் வரிசைகளை அங்கே மாற்றினேன். அதைப் பார்க்கத் தனி யூசர், தனி பாஸ்வேர்டு. மொத்தம் இருபது நிமிட வேலை. ஊரில் எங்களுக்குத் தனித் தெரு ஒதுக்கியவர்களுக்கு எத்தனை நாள் ஆனதோ தெரியாது. வேண்டாவெறுப்பாகக்கூடச் செய்யவில்லை. பெயர் வைப்பதிலிருந்து எல்லாவற்றிலும் ஒழுங்கு பார்த்து, நன்றாகச் செய்தேன். வீட்டில் சொல்லவில்லை.

அந்த டீச்சர் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். தளவானூர் பக்கத்தில் ஒரு கிராமம். விவசாயக் குடும்பம். செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் யு.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். என் வயதுதான் இருக்கும். துணைக்கு யாரும் இல்லாமல் தனியாக வந்திருந்தார். அது எங்கள் மையத்தில் அபூர்வம். முதலாளி வெளியே போயிருந்ததால் நானே படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மறுமணமா டீச்சர்?"

"ஆமா மேடம்."

"விவாகரத்து ஆயிடுச்சா?"

"கோர்ட் ஆர்டர் வந்துடுச்சு. கைல இருக்குது."

"காரணம் இன்னான்னு போடணுமே."

"அது கட்டாயமா மேடம்?"

படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அது கட்டாயம் இல்லை. காலியாக விட்டாலும் பதிவு ஆகும். ஆனால் மறுமணம் என்றால் முழுக் கதையையும் கேட்டுக் குறித்துவிட வேண்டும், நாளைக்குப் பார்ட்டி வந்து சண்டை போடக் கூடாது என்று முதலாளி சொல்லி வைத்திருந்தார்.

"உண்மைய சொல்லிட்டா உங்களுக்குத்தான் நல்லது டீச்சர். அதுக்கு ஏத்த மாதிரி எடம் பாக்கலாம். சைட்டுல வெளிய வராது. உள்ள மட்டும்தான் இருக்கும்."

"உள்ளன்னா, யார் பாப்பாங்க?"

"நான் மட்டும்தான்."

அவர் மடியில் இருந்த கைப்பையை மேஜை மேல் வைத்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். இரண்டு முறை கர்ப்பம் தரித்துக் கலைந்தது. இரண்டாவது முறைக்குப் பிறகு மாமியார் வீட்டில் யாரும் பேசுவதில்லை. புருஷன் கை நீட்டுவான். ஒரு கட்டத்தில் தூக்கமே இல்லாமல் போய், கிளாசில் நிற்கும்போது காரணம் இல்லாமல் அழுகை வந்து, விழுப்புரத்தில் ஒரு மனநல டாக்டரைப் பார்த்திருக்கிறார். ஆறு மாதம் மாத்திரை. அதைத் தெரிந்துகொண்டுதான் அவர்கள் பைத்தியம் என்று சொல்லித் தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

"இப்ப மாத்திரை எதுவும் இல்ல மேடம். டாக்டரே நிறுத்திட்டாரு. நல்லா இருக்கேன்."

சொல்லி முடித்தபோது ஒரு பாரம் குறைந்த மாதிரி சிரித்தார். இதை வேறு யாரிடமும் இப்படி வரிசையாகச் சொன்னதில்லை என்றார். அவர் பேசப் பேச நான் ஒரு வார்த்தை விடாமல் டைப் அடித்திருந்தேன். இப்போது நன்றாக இருக்கிறார் என்ற கடைசி வரியை மட்டும் அடிக்கவில்லை. கட்டம் நிரம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேனா, அது அவசியம் இல்லை என்று விட்டேனா, இப்போது ஞாபகம் இல்லை.

முதலாளிக்கு ஒரு மச்சான். மனைவியின் தம்பி. கிராமங்களில் இருக்கும் தரகர்களைக் கவனிப்பது அவர் வேலை. பைக்கில் சீயமங்கலம் வரைக்கும் சுற்றுவார். வாரா வாரம் வந்து, புதிதாகப் பதிந்தவர்களின் பட்டியலை எக்செல்லில் போட்டுக்கொடு என்பார். நான் குறிப்பு என்ற பத்தியை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் கொடுப்பேன். பிறகு அவர் ஒரு லேப்டாப் வாங்கினார்.

"ஒவ்வொரு தபாவும் உன்ன வந்து கேட்டுக்குனு நிக்கணுமா? எனக்கே ஒரு லாகின் போட்டுக் குடு. நானே எடுத்துக்கறேன்."

நான் முதலாளியைப் பார்த்தேன்.

"குடுத்துரும்மா. நம்ம ஆளுதான?" என்றார் அவர்.

கண்ட்ரோல் பேனலில் புது யூசர் ஒருவரை உண்டாக்கினேன். பாஸ்வேர்டு வைத்தேன். டேட்டாபேஸுடன் சேர்த்தேன். அப்படிச் சேர்க்கும்போது ஒரு பக்கம் திறக்கும். வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். பார்க்க, சேர்க்க, திருத்த, அழிக்க என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி. எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு கட்டம், எல்லா அனுமதியும் என்று. முறையாகச் செய்வதென்றால், குறிப்புப் பத்தி இல்லாத ஒரு பட்டியலைத் தனியாகத் தயார்செய்து, அதைப் பார்க்க மட்டும் அவருக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். அரை மணி நேரம் ஆகும்.

அன்றைக்கு எனக்கு எந்த அவசரமும் இல்லை. அம்மாவின் ஆஸ்பத்திரி நாளும் இல்லை. அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமாக வைத்திருந்தார். அவர் எழுந்து போனால் போதும் என்று இருந்தது. மேலே இருந்த ஒரே கட்டத்தில் டிக் போட்டேன். கீழே இருந்த அத்தனை கட்டங்களிலும் ஒரே நொடியில் தானாக டிக் விழுந்தது.

"முடிஞ்சிச்சா?" என்றார்.

"முடிஞ்சிச்சு அண்ணா."

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு டீச்சர் படியேறி வந்தார். பள்ளி நடக்கிற நேரம். பள்ளிச் சேலைதான் கட்டியிருந்தார். முதலாளியும் நானும் இருந்தோம். டீச்சர் உட்காரவில்லை. போனை எடுத்து என் மேஜை மேல் வைத்தார்.

வாட்ஸ்ஆப்பில் வந்த ஒரு படம். எக்செல் பட்டியலின் ஒரு துண்டு. டீச்சரின் பெயர், ஊர், போன் நம்பர், பக்கத்தில் குறிப்பு முழுவதும். இரண்டு கர்ப்பம், அடி, மனநல டாக்டர், ஆறு மாதம் மாத்திரை. மாத்திரையை நான் 'மாத்திறை' என்று அடித்திருந்தேன். அந்தப் பிழையும் அப்படியே இருந்தது.

"எங்க கிளாஸ் பேரண்ட்ஸ் குரூப்புல வந்துருக்குது மேடம். நேத்து சாயந்திரத்துலேர்ந்து. பைத்தியக்கார டீச்சர்கிட்ட கொழந்தைங்கள எப்படி விடறதுன்னு கேக்கறாங்க. காலைல கரஸ்பாண்டண்ட் கூப்ட்டு, கொஞ்ச நாளைக்கு லீவுல இரும்மான்னு சொல்லிட்டாரு."

அவர் குரல் உயரவே இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

முதலாளி எழுந்து வந்து போனை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"உக்காரும்மா மொதல்ல. இது ஹேக் பண்ணிக்கிறானுங்கம்மா. இன்னா பண்றது, பேங்கையே ஹேக் பண்றானுங்க. நாங்களே இப்பதான் பாக்கறோம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா. நீ படிச்ச பொண்ணு, நீ சொன்னா டீச்சருக்குப் புரியும்."

எனக்கு அந்த நொடியிலேயே தெரியும். குறிப்புப் பத்தியோடு பட்டியலை எடுக்கக்கூடியவர்கள் எங்கள் மையத்தில் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று நான் டிக் போட்டுக்கொடுத்த ஆள். அதைச் சொல்ல வாய் திறந்தேன். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு அம்மாவின் டயாலிசிஸ். வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வரலாம் என்று எனக்கு அனுமதி கொடுத்த மனுஷன் அவர். செஞ்சியில் வேறு எவன் கொடுப்பான்?

"ஆமா டீச்சர். ஹேக் ஆயிடுச்சு" என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார்.

"ஹேக் பண்றவனுக்கு எங்க கிளாஸ் பேரண்ட்ஸ் குரூப் எப்படி மேடம் தெரியும்?"

முதலாளி கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். படியிறங்கும்போது தும்மும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் போன பிறகு லாகின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். பத்து நாளைக்கு முன்பு, காலை நேரத்தில், மச்சானின் யூசரில் இருந்து மறுமணப் பட்டியல் முழுவதும் இறக்கப்பட்டிருந்தது. தெரிந்த தரகர் ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அதை அப்படியே தரகர்களின் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டிருக்கிறார். அந்தத் தரகர்களில் ஒருவரின் பேத்தி டீச்சர் கிளாசில் யு.கே.ஜி. படிக்கிறாள். அதற்கு மேல் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. பதிவை முதலாளியிடம் காட்டினேன். அவர் முழுவதும் பார்க்கக்கூட இல்லை.

"அவன் வேணும்னா பண்ணான்? தெரியாம போட்டுட்டான். ஊட்டு விஷயம், நீ உடு."

அந்த வாரமே டீச்சரைப் பள்ளியில் நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பத்து நாள் பொறுத்தேன். பொறுத்தேன் என்பது பெரிய வார்த்தை, பயந்தேன். பிறகு ஒரு நாள் மத்தியானம் முதலாளி சாப்பிடப் போயிருந்தபோது கண்ட்ரோல் பேனலைத் திறந்து மச்சானின் யூசரை நீக்கினேன். அதோடு நிற்கவில்லை. குறிப்புப் பத்தியில் எத்தனை பேருடைய கதைகள் இருக்கின்றன என்று ஒருமுறை கீழ்வரை தள்ளிப் பார்த்தேன். கால் ஊனம், ஓடிப்போய்த் திரும்பி வந்தவள், ஆண்மைக் குறைவு, தம்பி ஜெயிலில் இருக்கிறான், வெண்குஷ்டம் முதுகில் மட்டும். எல்லாம் எங்கள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து நம்பிச் சொன்னவை. பாதிக்கு மேல் நான் அடித்தவை. ஒரே வரிக் கட்டளையில் அந்தப் பத்தி முழுவதையும் காலி செய்தேன். எல்லா வரிசைகளிலும் அந்தக் கட்டம் வெறுமையானது. வெகுநாளைக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் செய்ததாக நினைத்துச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

மூன்றாம் நாள் காலை கண்ட்ரோல் பேனல் என்னை உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டு தவறு என்றது. திரும்ப அடித்தேன். திரும்பவும் தவறு. மச்சான் முதலாளி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அடிக்காத. மாத்தியாச்சு" என்றார்.

தன் லாகின் வேலை செய்யவில்லை என்றதும் அவர் பாண்டிச்சேரி கம்பெனிக்குப் போன் போட்டிருக்கிறார். டேட்டாபேஸை நாள்தோறும் பிரதி எடுத்து வைக்கிற வழக்கம் அவர்களுக்கு உண்டு. எனக்கும் அது தெரியும். ஆனால் அதை யாரும் கேட்டு வாங்குவார்கள் என்று நினைக்கவில்லை. நான் அழிப்பதற்கு முந்தைய நாளின் பிரதியை அவர்கள் மொத்தமாகத் திருப்பி வைத்துவிட்டார்கள். காலியாக்கிய கட்டங்கள் அத்தனையும் நிரம்பிவிட்டன, பிழையோடு சேர்த்து. நடுவில் புதிதாகப் பதிந்த சில பேருடைய விவரங்கள் காணாமல் போயின. அந்தப் பழியும் என் மேல்.

"நம்பி சாவியக் குடுத்தேன்மா" என்றார் முதலாளி. கோபமே இல்லாமல் சொன்னார். "நீ நாளைலேருந்து வர வேணாம். அம்மாவ பாத்துக்கோ."

மறுநாள் டவுன் பஸ் பிடித்து டீச்சர் ஊருக்குப் போனேன். முகவரி எனக்கு மனப்பாடம், நான் அடித்ததுதானே. ரோட்டிலிருந்து உள்ளே நடக்க வேண்டும். வீட்டு வாசலில் மல்லாட்டைக் கடலை காயப்போட்டிருந்தார்கள். டீச்சர் மட்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. அது கோபத்தினாலா, நான் காலனிக்காரி என்று தெரிந்ததாலா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்புக்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லாகின் போட்டுக்கொடுத்தது, டிக் போட்டது, பதிவைப் பார்த்தது, பொய் சொன்னது.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஸ்கூல்ல போய் சண்ட போட்டுருப்பேன்" என்றார். "யாரோ என் விவரத்தத் திருடிப் போட்டாங்கன்னு சொல்லிருப்பேன். நீங்க ஹேக்குன்னு சொன்னீங்க. யாருன்னு காட்ட முடியாதவ, இன்னா கேக்கறது? வாய மூடிக்கினு வந்துட்டேன்."

"தப்புதான் டீச்சர்."

"நான் மட்டும்தான் பாப்பேன்னு சொன்னீங்க. அதுதான் எனக்கு மறக்கவே மாட்டேங்குது."

பிறகு ஒன்று கேட்டார். "இப்ப சொன்னத போலீஸ் ஸ்டேஷன்ல சொல்வீங்களா?"

சொல்வேன் என்றேன். இரண்டு நாள் கழித்து அவர் மனு கொடுத்தார். என் வாக்குமூலத்தையும் எழுதிக் கொடுத்தேன். எங்களை விசாரித்த ஏட்டுக்கு நான் எழுதியதில் பாதி புரியவில்லை.

"டேட்டாபேஸ்னா இன்னாம்மா? சைட்டா?"

"சைட்டுக்குப் பின்னாடி இருக்கிறது சார்."

"பின்னாடின்னா எங்க, ஆபீஸ்லயா?"

"இல்ல சார். வேற ஊர்ல ஒரு கம்ப்யூட்டர்ல."

"அப்ப செஞ்சில ஒண்ணும் நடக்கல" என்று பேனாவை மூடினார். ஆனாலும் முதலாளியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

முதலாளியும் மச்சானும் ஊரில் நாலு பெரிய மனிதர்களோடு வந்தார்கள். கையில் ஒரு தாள். பாண்டிச்சேரி கம்பெனியிடமிருந்து வாங்கியது. அந்த யூசரை எந்த நாளில் யார் உண்டாக்கினார்கள், என்ன அனுமதி கொடுத்தார்கள் என்று அதில் இருந்தது. உண்டாக்கியது நான். எல்லா அனுமதியும் கொடுத்தது நான். ஒரு மத்தியானம் பத்தி முழுவதையும் அழித்ததும் நான். ஒவ்வொன்றுக்கும் நேரம், நிமிஷத்தோடு. மச்சான் பட்டியலை இறக்கிய வரியும் அந்தத் தாளின் அடியில் இருந்தது. "எனக்குக் குடுத்தத நான் யூஸ் பண்ணேன் சார். அதுல இன்னா இருக்குதுன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றார் அவர். அந்தத் தாளில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

நைனாவுக்கு யாரோ சொல்லி, வேலையை விட்டுவிட்டு சிமெண்ட் ஒட்டிய கையோடு ஓடிவந்தார். வந்தவர் இன்ஸ்பெக்டர் அறை வாசலில் நின்று கும்பிட்டார்.

"எம் பொண்ணு தெரியாம பண்ணிட்டா சார். சின்னப் பொண்ணு. மன்னிச்சி உட்டுருங்க சார்."

"நைனா, நான் தெரிஞ்சிதான் பண்ணேன்" என்று சொல்ல நினைத்தேன். அவர் கை கீழே இறங்கவே இல்லை. என்னைப் படிக்க வைத்த மனுஷன் அப்படி நிற்பதைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயந்திரத்துக்குள் சமாதானம் ஆனது. வேலையை விட்டு நின்ற ஊழியரின் கவனக்குறைவால் விவரங்கள் வெளியே போய்விட்டன, மனுதாரரின் விவரங்கள் நீக்கப்படும், இனிமேல் இப்படி நடக்காது என்று எழுதினார்கள். முதலாளி கையெழுத்துப் போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். டீச்சரின் அண்ணன், இதற்கு மேல் கோர்ட் கேஸ் என்று போனால் இருக்கிற மானமும் போய்விடும் என்று தங்கையின் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். டீச்சர் அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். படித்துவிட்டு, "இதுல அவரு பேரே இல்லையே" என்றார், மச்சானைக் காட்டி.

"அதான் சமாதானம்மா" என்றார் ஏட்டு.

டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

அம்மா அந்தத் தை மாதமே போய்விட்டாள். எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. அதுவும் இல்லாமல் போனது. சென்னைக்குத் திரும்பிப் போகவும் மனம் இல்லை. பழைய இடத்தில் விசாரித்தால் என்ன சொல்வார்கள் என்று ஒரு பயம். இப்போது தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் ஓர் இ-சேவை மையத்தில் இருக்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல். நாள் முழுவதும் மற்றவர்கள் சொல்லச் சொல்ல அடிப்பதுதான் வேலை. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை நான் கேட்பதில்லை. சிலர் தாங்களாகவே வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். "அதெல்லாம் வேணாம்மா" என்று நிறுத்திவிடுவேன். திமிர் பிடித்தவள் என்று பெயர்.

முதலாளியின் மையம் நன்றாக நடக்கிறது. கிராமங்களில் அதன் போஸ்டர்கள் ஒட்டியிருக்கின்றன. டீச்சருடைய விவரங்களை நீக்கினார்களா என்று எனக்குத் தெரியாது. வெளியிலிருந்து தேடினால் வரவில்லை. வெளியே வராததெல்லாம் உள்ளே இல்லை என்று அர்த்தம் இல்லை. அது என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

போன மாதம் டீச்சரைப் பார்த்தேன். இருப்பிடச் சான்றுக்கு வந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். இப்போது மேல்மலையனூர் பக்கம் ஏதோ ஒரு பள்ளியில் இருப்பதாகக் கேள்வி. என் கவுண்டரில் ஒரே ஒரு பெரியவர்தான் நின்றார். பக்கத்துக் கவுண்டரில் ஆறேழு பேர். டீச்சர் உள்ளே வந்து, என்னைப் பார்த்து, அந்த ஆறேழு பேருக்குப் பின்னால் போய் நின்றார். பெரியவர் வேலை முடிந்து போனார். என் கவுண்டர் காலியாக இருந்தது. நான் கூப்பிடவில்லை.

அவர் முறை வந்தபோது என்னோடு வேலை செய்கிறவர் சத்தமாக, "போன் நம்பர் சொல்லுங்க, ஓ.டி.பி. வரும்" என்றார். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். டீச்சர் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து நம்பரை எழுதி நீட்டினார். அவர் அடித்து முடிக்கும் வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் கையை நீட்டினார்.

"அந்தப் பேப்பரக் குடுங்க சார்."

அவர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். டீச்சர் அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.